‘இன் தி ஸ்ட்ரீட்’: கேட்கப்படாத பாடல் எழுபதுகளின் அடையாளமானது எப்படி?

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1998 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கி, 2006 மே மாதம் வரை எட்டு சீசன்களாக 200 எபிசோடுகள் ஓடிய நகைச்சுவைத் தொடர் ‘தட் செவன்டீஸ் ஷோ’. விஸ்கான்சின் மாநிலத்தில் பாயின்ட் பிளேஸ் என்ற கற்பனை ஊரில், 1976 முதல் 1979 வரையான ஆண்டுகளில், ஒரு நண்பர் கூட்டம் பள்ளிப்பருவத்தைக் கடந்து வளர்வதே அதன் கதை. அந்த நண்பர்கள் ஒரு பழைய ஓல்ட்ஸ்மொபைல் காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு போகும் காட்சியோடு எபிசோடு ஆரம்பிக்கும். அரை நிமிட அளவிலான அந்த முகப்புப் பாடலின் மூலம், டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் பதிவாகி 1972இல் வெளியான ‘இன் தி ஸ்ட்ரீட்’. பாடியது பிக் ஸ்டார் என்ற நால்வர் ராக் குழு. தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, எழுபதுகள் என்றதும் காதில் ஒலிக்கும் பாடல்களில் இது ஒன்று. எழுபதுகளில் வாழ்ந்த அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோரோ இதைக் கேட்டதே இல்லை. இதை ஒரு சுவையான தற்செயலாகச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அது போதாது என்று கருதுகிறேன். இப்பாடல் எழுபதுகளின் அடையாளமாக மாற முடிந்ததற்கு முக்கியக் காரணமே, அது எழுபதுகளில் கேட்கப்படாமல் போனதுதான். வெளியானபோது நேர்ந்த வணிகத் தோல்வி, பாடலையும் அதன் ஒலிப்பதிவையும் தனித்தனிச் சொத்துகளாகப் பிரிக்கும் அமெரிக்கப் பதிப்புரிமை, வேறொரு குழுவின் மறுபதிவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இந்த அடையாளத்தை உருவாக்கின.

தோல்வியிலிருந்து தொடங்குவோம். பிக் ஸ்டார் 1971இல் உருவானது. கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஆகிய மூவரும் மெம்ஃபிஸில் முன்பே சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள். நான்காவதாக வந்த அலெக்ஸ் சில்டன் அதற்குள் புகழின் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தார். 1967இல், பதினாறு வயதில், ‘பாக்ஸ் டாப்ஸ்’ குழுவுக்காக அவர் பாடிய ‘தி லெட்டர்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குழு கூடியது ஜான் ஃப்ரை நடத்திய ஆர்டென்ட் ஸ்டுடியோவில். ஃப்ரை தன் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பூட்டி வைக்காமல், ஆர்வமுள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரவு நேரங்களில் பயன்படுத்தவும் விட்டார். பெல் அங்கேயே ஒலிப்பதிவுக் கலையைக் கற்றவர். ஸ்டுடியோவுக்கு அருகிலிருந்த ஒரு மளிகைக் கடைத்தொடரின் பெயரையே குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. பீட்டில்ஸின் லெனன், மெக்கார்ட்னி போலத் தாங்களும் சேர்ந்து எழுதியதாகவே சில்டனும் பெல்லும் பாடல்களில் பெயர் போட்டுக்கொண்டார்கள். ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ என்ற முதல் ஆல்பத்தில் பெல்லின் உயர்ந்த குரலில் ஒலிக்கும் ‘இன் தி ஸ்ட்ரீட்’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செய்வதற்கு ஒன்றும் இல்லாத இளைஞர்கள் தெருவில் நின்று பேசுவதும் காரில் ஊரைச் சுற்றுவதும்தான் அதன் பொருள். சிங்கிளாக வந்தபோதும் அது முன்பக்கத்தில் இல்லை. ‘வென் மை பேபீஸ் பிசைட் மீ’ என்ற பாட்டின் பின்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

ஆல்பம் தோற்றதற்குப் பாட்டின் தரம் காரணம் என்று சொல்லச் சான்று இல்லை. இசைத்தொழில் இதழ்கள் பாராட்டியே எழுதின. சிக்கல், இசைத்தட்டு கடைக்குப் போய்ச் சேரும் வழியில் இருந்தது. ஆர்டென்ட்டின் வெளியீடுகளை விநியோகித்தது அதே ஊரின் ஸ்டாக்ஸ் நிறுவனம். ஓடிஸ் ரெட்டிங், ஐசக் ஹேய்ஸ் போன்றோரின் ஸோல் இசையால் வளர்ந்த ஸ்டாக்ஸுக்கு, ஆப்பிரிக்க அமெரிக்க நேயர்களுக்கான வானொலி நிலையங்களும் அவற்றைச் சார்ந்த கடைகளும் கைவசம் இருந்தன. வெள்ளையின இளைஞர்கள் கேட்ட எஃப்.எம். ராக் நிலையங்களில் அதற்கு அந்தச் செல்வாக்கு கிடையாது. ஒரு பாட்டு வானொலியில் வரும்போது தட்டு கடையில் இருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தாலும் அந்த ஆர்வம் ஆறிவிடும். அதே 1972இல் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. ஏற்கெனவே நாடு முழுவதும் தனக்கென வலைப்பின்னல் வைத்திருந்த கொலம்பியாவுக்கு, ஸ்டாக்ஸ் அதுவரை நம்பியிருந்த சிறு விநியோகஸ்தர்களோடு தொழில் செய்ய விருப்பமில்லை. கடைகளில் இருந்த பிரதிகளும் திரும்பப் பெறப்பட்டன. முதல் வெளியீட்டில் விற்றவை 10,000 பிரதிகளுக்கும் குறைவு. மனமுடைந்த பெல் அந்த ஆண்டு இறுதிக்குள் குழுவை விட்டு விலகினார். மூவர் குழுவாக வெளியிட்ட இரண்டாவது ஆல்பமான ‘ரேடியோ சிட்டி’யும் 1974இல் இதே சுவரில் மோதியது. ஸ்டாக்ஸ் 1975 டிசம்பரில் திவாலானது. இந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கேட்டவர்கள் நிராகரித்த பாடல் வேறு, கேட்கவே வாய்ப்புக் கிடைக்காத பாடல் வேறு. ‘இன் தி ஸ்ட்ரீட்’ இரண்டாம் வகை. நிராகரிக்கப்பட்ட பாட்டில் அந்த நிராகரிப்பின் நினைவாவது ஒட்டியிருக்கும். இதில் அதுவும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பாடல் எழுபதுகளில் பிரபலமாகாவிட்டாலும், அதன் ஓசை எழுபதுகளின் ஓசைதானே? அப்படியானால் அதை அக்காலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டதில் என்ன பிழை? இந்த மறுப்புக்கு வலு உண்டு. ‘பவர் பாப்’ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற பாணியின் முன்னோடிகளில் பிக் ஸ்டாரும் ஒன்று. 1977இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்ட சீப் ட்ரிக் போன்ற குழுக்கள் அந்தப் பாணியை வெகுமக்களிடம் கொண்டுபோயின. ஆனால் 1972இல் நின்று கேட்டால் கதை வேறு. நீண்ட கிட்டார் வாசிப்புகளும் கனத்த தாளங்களும் கோலோச்சிய அந்தக் காலத்தில், குறுகிய பாட்டு, கூட்டுக் குரலிணைவு, மணிபோல் ஒலிக்கும் கிட்டார் ஆகியவை பீட்டில்ஸ், கின்க்ஸ், பேர்ட்ஸ் குழுக்களின் 1965ஐ நோக்கித் திரும்பியவையாகவே இருந்தன. மெம்ஃபிஸ் ஸோல் இசையின் தலைநகர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பெல்லும் நண்பர்களும் ஏழு ஆண்டு பழைய ஓசையை மிகுந்த காதலோடு செதுக்கினார்கள். அதாவது, இன்று நம் காதுக்கு எழுபதுகளாகப் படும் இந்த ஓசை, பிறந்த நாளிலேயே வேறொரு காலத்துக்கான ஏக்கத்தைச் சுமந்திருந்தது. ஓசையிலிருந்து காலத்தைக் கணிப்பது நம்பத்தகாத முறை என்பதற்கு இப்பாடல் நல்ல சான்று. எழுபதுகள் என்ற முத்திரை இதன் மேல் வெளியிலிருந்து குத்தப்பட வேண்டியிருந்தது.

அந்த முத்திரையைக் குத்திய விதத்தை நெருங்கிப் பார்க்கலாம். தொடரின் இசைப் பொறுப்பிலிருந்த பென் வான் மூலப்பாட்டைச் சுருக்கி முகப்புக்கு ஏற்றதாக ஆக்கினார். முதல் சீசனில் பாடியவர் டாட் கிரிஃபின். இரண்டாம் சீசனிலிருந்து சீப் ட்ரிக் குழுவின் பதிவு வந்தது. மூலப்பாட்டில் திருட்டுக் காரைக் கொண்டுவந்து ஊர் சுற்றும் நினைப்பும் கஞ்சாவுக்கான ஏக்கமும் இருக்கின்றன. முகப்பில் அவை இல்லை. தெருவில் நிற்பதும் பேசுவதும் மட்டும் மிஞ்சின. தொடருக்குள் அந்த நண்பர்கள் நிலவறையில் வட்டமாக உட்கார, கேமரா ஒவ்வொரு முகமாகத் திரும்பும் காட்சிகள் கஞ்சாப் புகையைக் காட்டாமல் காட்டும் உத்தி என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கதை மறைமுகமாக வைத்துக்கொண்டதைப் பாட்டிலிருந்து அடியோடு எடுத்துவிட்டார்கள். நீக்கியதைவிடச் சேர்த்தது முக்கியம். சீப் ட்ரிக் தன் 1978ஆம் ஆண்டுப் பாடலான ‘சரண்டர்’ முடிவில் வரும் கோஷத்தை இதன் வாலில் ஒட்டியது. கடைசியில் விஸ்கான்சினை விளித்து ஒரு கூவல். திரையில் காரின் நம்பர் பிளேட் வந்து நிற்க, அதன் மூலையில் கதை நடக்கும் ஆண்டின் ஸ்டிக்கர். இடத்தைக் குரல் சொல்கிறது, ஆண்டை நம்பர் பிளேட் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவே உண்மையாகவே எழுபதுகளில் வெற்றி பெற்ற பாட்டிலிருந்து ஒரு துண்டு வந்து சாட்சி சொல்கிறது. சீப் ட்ரிக் குழுவின் சொந்த ஊரான ராக்ஃபோர்ட், இலினாய் மாநிலத்தில் விஸ்கான்சின் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பது. மெம்ஃபிஸில் பிறந்த பாட்டு இப்படியாக வட மாநிலத்துப் பாட்டாக ஊர் மாறியது.

வேறு எந்தப் பாட்டை எடுத்திருந்தாலும் இதே வேலை நடந்திருக்காதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ‘ஹேப்பி டேஸ்’ விடை தருகிறது. ஐம்பதுகளின் விஸ்கான்சினைக் கதைக்களமாகக் கொண்டு 1974இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடர், முதல் இரண்டு சீசன்களில் பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ பாடலை முகப்பாக வைத்தது. 1955இல் அமெரிக்கா முழுவதும் முதலிடத்தில் ஒலித்த பாட்டு அது. தொடருக்காக ஹேலியே அதைப் புதிதாகப் பாடிக் கொடுத்தார். பாட்டைக் கேட்டதும் நடுவயது அமெரிக்கர்களுக்குத் தங்கள் சொந்த 1955 நினைவுக்கு வந்திருக்கும். பழைய பதிவே 1974இல் மீண்டும் விற்பனைப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் நுழைந்தது. இரண்டே சீசனில் தொடர் அந்தப் பாட்டை முகப்பிலிருந்து எடுத்துவிட்டுத் தனக்கென எழுதிய பாட்டுக்கு மாறியது. அந்த முடிவுக்கு என்ன காரணங்கள் இருந்திருந்தாலும், விளைவு தெளிவானது. ஏற்கெனவே எல்லோருடைய நினைவிலும் இருந்த பாட்டு கடைசிவரை ஹேலியின் பாட்டாகவே இருந்தது. அது தொடருக்குச் சொந்தமாகவில்லை. ‘இன் தி ஸ்ட்ரீட்’ மேல் யாருடைய உரிமை கோரலும் இல்லை. முதல் காதலையோ கல்லூரி விழாவையோ அதனோடு முடிச்சுப்போட்டு வைத்திருந்தவர்கள் சில ஆயிரம் பேர். அந்த வெற்றிடத்தில் தொடர் தன் படங்களை நிரப்பியது. 1999இல் தொடங்கிய ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடர், ஜோன் ஜெட்டின் ‘பேட் ரெப்யூடேஷன்’ பாட்டை அவர் குரலிலேயே பயன்படுத்தியது இன்னொரு வழி. அங்கே பாடகியின் ஆளுமையும் முகப்போடு சேர்ந்தே வந்தது.

பாட்டு வந்தும் குழு வராமல் போனது எப்படி என்பதைச் சட்டம் விளக்குகிறது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாடலின் மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. ஒலிப்பதிவுகளுக்கு மத்திய அரசின் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடைத்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான். ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ வெளியான அதே ஆண்டு. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒரு பழைய பதிவை அப்படியே பயன்படுத்த விரும்பினால், பாடலின் உரிமையாளர், பதிவின் உரிமையாளர் இருவரிடமும் அனுமதி பெற வேண்டும். புதிதாகப் பாட வைத்தால் முதலாமவரின் அனுமதி போதும். ஸ்டாக்ஸ் சரிந்தபின் அதன் பதிவுகள் 1977இல் ஃபேன்டஸி நிறுவனத்தின் கைக்குப் போயின. பிக் ஸ்டாரின் பழைய ஒலிநாடா அங்கே இருக்க, பாட்டு மட்டும் தனியே பயணம் செய்ய முடிந்தது. எபிசோடு ஒளிபரப்பாகும்போது வரும் ராயல்டியும் இதே பிரிவைப் பின்பற்றுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பு எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் தரும். பதிவில் வாசித்தவருக்கு இந்த வழியில் எதுவும் வராது. எழுதியவராகப் பெயர் இல்லாத ஹம்மலுக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் இந்த ராயல்டியில் பங்கு கிடைக்க வழியே இல்லை. ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனக்கு 70 டாலர் வருவதாகச் சில்டன் 2000ஆம் ஆண்டில் ஓர் இதழிடம் தெரிவித்தார். அந்தத் தொகை தொடரின் பெயரோடு பொருந்திப்போவது அவர் கண்ணுக்கும் தப்பவில்லை. பெரும் சம்பளத்துக்குப் பேர்போன ஒரு தொழிலில் இது சிறு தொகை. ஆனாலும் 1972இல் அந்தப் பாட்டு ஈட்டித் தராததை அது வாரந்தோறும் ஈட்டித் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிறிஸ் பெல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1978 டிசம்பர் 27 அன்று, 27 வயதில், மெம்ஃபிஸில் கார் விபத்தில் இறந்துபோனார். காரில் ஊர் சுற்றுவதைப் பாடிய அந்தக் குரலைத் தொடரின் முகப்பில் கேட்கவே முடியாது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

தொடர்தான் பிக் ஸ்டாரை மறதியிலிருந்து மீட்டது என்று சொல்வோர் உண்டு. காலவரிசை இதை ஏற்கவில்லை. முதல் இரண்டு ஆல்பங்களும் 1978இல் பிரிட்டனில் மீண்டும் வெளியாயின. அதே ஆண்டு மூன்றாம் ஆல்பமும் வந்தது. 1984இல் ‘திஸ் மார்ட்டல் காயில்’ குழு அந்த மூன்றாம் ஆல்பத்தின் இரண்டு பாடல்களை மறுபதிவு செய்தது. 1986இல் ‘பேங்கிள்ஸ்’ பெண்கள் குழு, பெருவெற்றி பெற்ற தன் ஆல்பத்தில் பிக் ஸ்டாரின் ‘செப்டம்பர் கேர்ல்ஸ்’ பாடலைச் சேர்த்தது. 1987இல் ‘ரீப்ளேஸ்மென்ட்ஸ்’ குழு அலெக்ஸ் சில்டன் பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட்டது. ஆர்.இ.எம். குழுவினர் பேட்டிகளில் விடாமல் பிக் ஸ்டாரைப் பற்றிப் பேசினார்கள். 1992இல் பழைய ஆல்பங்கள் குறுந்தட்டாக வந்தன. பெல்லின் தனிப்பாடல்களும் அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஆண்டில், ‘ஐ ஆம் தி காஸ்மாஸ்’ என்ற ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. 1993 ஏப்ரல் 25 அன்று மிசௌரி பல்கலைக்கழகத்தில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் ‘போஸீஸ்’ குழுவின் இருவரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் மேடையேறினார்கள். தொடர் தொடங்குவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இவை எல்லாம் நடந்து முடிந்திருந்தன. இசைக் கலைஞர்களும் தட்டு சேகரிப்போரும் கையிலிருந்து கைக்குக் கொடுத்துக் காப்பாற்றிய மரபு இது. அந்த மரபு பாட்டை உயிரோடு வைத்திராவிட்டால் தொலைக்காட்சி அதைக் கண்டெடுத்திருக்குமா என்பதே நியாயமான கேள்வி. ஆகவே ‘இன் தி ஸ்ட்ரீட்’ இரண்டு தனிவழிகளில் புகழடைந்தது. ஒன்றில் குழுவின் பெயர் பெரிது, பாட்டு பலவற்றுள் ஒன்று. மற்றதில் பாட்டு பெரிது, குழுவின் பெயர் அறவே இல்லை. இரண்டும் சந்திக்கும் இடங்கள் குறைவு.

இதற்கு நேரெதிரான வாதமும் உண்டு. தொடர் பாட்டைச் சிதைத்துவிட்டது, விலைபொருளாக்கிவிட்டது என்பது சேகரிப்பாளர்கள் தரப்பின் குறை. இதையும் முழுதாக ஏற்க முடியாது. பிக் ஸ்டார் ஒதுக்குப்புறத்தில் சிலருக்காக மட்டும் பாடுவோம் என்று முடிவெடுத்த குழு அல்ல. முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். இலட்சக்கணக்கான கார்களின் வானொலியில் ஒலிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் அந்தப் பாட்டு மூன்று நிமிடத்துக்குள் அடக்கப்பட்டது. அந்த ஆசை இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, வேறு குரலில், வேறு மாநிலத்தின் பெயரில் நிறைவேறியது. என் குறை சிதைவைப் பற்றியது அல்ல. முகப்புப் பாடல் ஒரு பொய்யான வரலாற்றுத் தகவலை மிக இனிமையாகச் சொல்லிவிடுகிறது என்பதைப் பற்றியது. 1976இல் விஸ்கான்சின் இளைஞர்கள் காரில் இதைப் பாடிக்கொண்டு போனார்கள் என்று அது காட்டுகிறது. அந்த ஆண்டில் பிக் ஸ்டார் கலைந்து போயிருந்தது, அதன் தட்டுகள் கடையில் இல்லை, விநியோகித்த நிறுவனம் திவாலாகியிருந்தது. கற்பனைத் தொடருக்கு இந்தச் சுதந்திரம் உண்டு என்பது சரியே. நாற்காலியும் சட்டைக் காலரும் அந்தக் காலத்தவையா என்று பார்த்துப் பார்த்து அமைத்த தொடரில், முகப்புப் பாட்டு மட்டும் பெரும்பாலோர் நினைவிலிருந்து வராமல் இருந்தது கவனிக்கத்தக்கது. மக்கள் பண்பாட்டை ஆராய்வோர் ஒரு காலத்தின் இசைக்குச் சான்றாக, அக்காலத்தைப் பற்றிய திரைப்படங்களையும் தொடர்களையும் எடுத்தாள்வது உண்டு. அந்த முறையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. விற்பனைப் பட்டியலும் விநியோக ஒப்பந்தமும் சொல்வதைத் திரை சொல்லாது.

இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘தட் நைன்டீஸ் ஷோ’ இறுதிச் சான்று. அதே வீடு, அதே நிலவறை, பழைய நாயகனின் மகள். கதை தொடங்குவது 1995 கோடைகாலத்தில். முகப்பில் மீண்டும் ‘இன் தி ஸ்ட்ரீட்’, மீண்டும் புதுப் பதிவு. 1995இல் அந்தப் பாட்டுக்கு வெகுமக்களிடம் எந்தப் பொருளும் கிடையாது. சீப் ட்ரிக்கின் பதிவு வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பிக் ஸ்டாரைத் தேடிக் கேட்டவர்கள் அப்போதும் ஒரு சிறு கூட்டமே. ஆயினும் 2023இன் பார்வையாளருக்கு அதில் உறுத்தல் ஏதும் இல்லை. பாட்டு இப்போது சுட்டுவது 1972ஐயும் அல்ல, 1976ஐயும் அல்ல, 1998இல் தொடங்கிய ஒரு தொடரை. நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தபோது மூல நால்வரில் எஞ்சியிருந்தவர் ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஒருவரே. சில்டன் 2010 மார்ச் 17 அன்று நியூ ஆர்லியன்ஸில் காலமானார், ஹம்மல் அதே ஆண்டு ஜூலையில். ஜான் ஃப்ரையும் 2014 டிசம்பரில் மறைந்தார். அவர்கள் பதிவுசெய்த மூல வடிவம் இன்று யாரும் எளிதாகக் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. அதில் பெல்லின் குரல் இருக்கிறது, முகப்பில் வெட்டப்பட்ட வரிகள் இருக்கின்றன, விஸ்கான்சின் இல்லை.